"லைன் ஸ்லோ" என்று சொல்வதற்கு முன்: இணையத் தொலைபேசி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், பிறை வரையிலும் கடைகளுக்கு இணைய ஃபோன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. எந்தக் கடையிலிருந்து கூப்பிட்டாலும் குறை ஒன்றுதான்: "தம்பி, லைன் ஸ்லோ." குரல் வெட்டினாலும் லைன் ஸ்லோ. ஒரு பக்கம் மட்டும் கேட்டாலும் லைன் ஸ்லோ. வங்கிக்குப் போட்டு 1ஐ அழுத்தி அது ஏற்காவிட்டாலும் லைன் ஸ்லோதான். மூன்றும் மூன்று வேறு நோய்கள். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்? எங்கே வலிக்கிறது என்று சொல்லச் சில சொற்கள் வேண்டும். வேலைக்குப் போன இடங்களில் என்னிடம் கேட்ட கேள்விகளையே இங்கே போட்டிருக்கிறேன்.

இணைய ஃபோன், ஐபி ஃபோன், வாய்ப், வாட்ஸ்அப் கால்: எல்லாம் ஒன்றுதானா?

அடிப்படை ஒன்றுதான். குரலைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி இணையம் வழியாக அனுப்பும் முறைக்கு வாய்ப் என்று பெயர். அந்த முறையில் பேசுவதற்காகவே செய்த மேசைக் கருவி ஐபி ஃபோன். 2015இல் வாட்ஸ்அப்பில் வந்த குரல் அழைப்பும் வாய்ப்தான். ஆனால் அது தனி வட்டம். வாட்ஸ்அப் வைத்திருப்பவர் இன்னொரு வாட்ஸ்அப்காரரிடம் பேசலாம், 04 என்று தொடங்கும் உங்கள் சப்ளையரின் தரைவழி எண்ணுக்குப் போட முடியாது. கடைக்குப் போடும் இணைய ஃபோனுக்குச் சொந்தமாக எண் உண்டு, யாரும் எந்தக் ஃபோனிலிருந்தும் அழைக்கலாம். மலேசியாவில் 015-4 என்று தொடங்கும் எண்கள் இதற்காக ஒதுக்கப்பட்டவை. அதற்காக 04 என்று தொடங்கினால் பழைய செம்புக் கம்பி என்று நினைத்துவிடாதீர்கள். ஃபைபரோடு சேர்ந்து வரும் வீட்டுத் தொலைபேசியும் உள்ளுக்குள் வாய்ப்தான்.

குரலைத் துண்டாக நறுக்குவது என்றால் எப்படி?

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

தொலைபேசி உலகம் நெடுநாளாகப் பயன்படுத்தும் முறைக்கு ஜி.711 என்று பெயர். அது உங்கள் குரலை நொடிக்கு 8,000 தடவை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில், அதாவது எட்டு 0 அல்லது 1 கொண்ட எண்ணாக, எழுதுகிறது. ஆக, நொடிக்கு 64,000 பிட், அதாவது 64 கிலோபிட். இதை 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுவார்கள். இந்தப் பொட்டலத்துக்குத்தான் பாக்கெட் என்று பெயர். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பாக்கெட்டில் 160 பைட் குரல் இருக்கும். எங்கே போக வேண்டும், எத்தனையாவது பொட்டலம் என்றெல்லாம் மேலே எழுத இன்னொரு 40 பைட். மொத்தம் 200 பைட், நொடிக்கு 50 பாக்கெட், அதாவது 80 கிலோபிட். நீங்கள் "வணக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் முப்பது முப்பத்தைந்து பாக்கெட்டுகள் கடையை விட்டுக் கிளம்பியிருக்கும்.

குரலை இப்படி எண்ணாக்கும், சுருக்கும் முறைகளுக்குப் பொதுப் பெயர் கோடெக். ஜி.729 என்ற கோடெக் 64 கிலோபிட்டை 8 ஆகச் சுருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 20 மில்லிநொடிக் குரல் 20 பைட்டாகச் சுருங்கினாலும் மேலுறை அதே 40 பைட்தான். கால் முழப் பூவுக்கு இரண்டு முழ வாழையிலை சுற்றிய மாதிரி. சிக்கனம் உண்டு, விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. இப்போதைய செயலிகளில் அதிகம் புழங்குவது ஓபஸ். 2012இல் வந்தது. லைன் எப்படியிருக்கிறதோ அதற்கேற்ப நொடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 வரை ஏறி இறங்கும். வாய்ப்பு கிடைத்தால் அதையே போடுங்கள்.

300 எம்பிபிஎஸ் போட்டிருக்கிறேன். அப்படியும் ஏன் குரல் வெட்டுகிறது?

மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். ஒரு அழைப்புக்கு 80 கிலோபிட். எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. ஒரே ஒரு மெகாபிட்டில், அதாவது 1,000 கிலோபிட்டில், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசலாம். 300 எம்பிபிஎஸ்ஸை 500 ஆக்கினால் குரல் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், பையை மூடிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நான்கு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பினாங்குப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு தடம், 13.5 கிலோமீட்டர். எத்தனை தடம் என்பதுதான் பேண்ட்வித், அதாவது எம்பிபிஎஸ். ஒரு கார் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக எத்தனை நிமிடம் என்பது லேட்டன்சி, தாமதம். தடத்தைப் பன்னிரண்டாக்கினாலும் பாலத்தின் நீளம் குறையாது. சரி, அடுத்தது ஜிட்டர். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று பலகையில் போட்டிருக்கும். அரை மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். சராசரி பார்த்தால் பத்து நிமிடம்தான், நிறுத்தத்தில் நிற்பவனுக்கு அதனால் என்ன பயன்? பாக்கெட்டுகள் இப்படிச் சீரில்லாமல் வருவதுதான் ஜிட்டர். நான்காவது, வராமலே போகும் பஸ். அது பாக்கெட் லாஸ்.

குரலுக்குத் தடம் அதிகம் வேண்டாம், ஒழுங்குதான் வேண்டும். ஒரு படம் தரவிறங்கும்போது பாக்கெட் ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேச்சில் அது முடியாது. தொலைந்த எழுத்து அரை நொடி கழித்து வந்து என்ன செய்ய? அதனால் ஃபோன் தன் பங்குக்கு ஒரு சிறு காத்திருப்பு வைத்துக்கொள்கிறது. வரும் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் சேர்த்து, வரிசைப்படுத்தி, பிறகு ஒலிக்கிறது. இது ஜிட்டர் பஃபர். அந்தக் காத்திருப்பையும் தாண்டித் தாமதமாக வந்தது குப்பைக்குப் போகும். உங்கள் காதில் "வெட்டு" என்று விழுவது அதுதான்.

லெபோ பாசாரில் ஒரு துணிக்கடை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கடைக்காரர் அழைத்தார். காலையெல்லாம் நன்றாக இருக்கிறதாம், மாலை நான்கு மணியானால் குரல் வெட்டுகிறதாம். இணையக் கம்பெனிக்கு இரண்டு முறை புகார் கொடுத்தாகிவிட்டது, அவர்கள் வேகத்தை அளந்து "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டார்கள். நான் மூன்றே முக்காலுக்குப் போய், மடிக்கணினியில் பிங் ஓடவிட்டு உட்கார்ந்தேன். பிங் என்பது ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி, அது போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி என்று பார்ப்பது. 8, 9, 8, 8 என்று ஓடிக்கொண்டிருந்தது. நான்கு அடித்து ஐந்து நிமிடம். 8, 40, 210, 390. திரும்பிப் பார்த்தால் கடைக்காரரின் மருமகள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, அன்று வந்த புடவைகளின் வீடியோக்களை வரிசையாக ஃபேஸ்புக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான்கு மணி ரகசியம் அவ்வளவுதான்.

வேகத் திட்டங்களில் பெரும்பாலும் இறக்கம் (டவுன்லோட்) ஒரு எண், ஏற்றம் (அப்லோட்) அதைவிடச் சின்ன எண். எல்லாரும் இறக்கத்தையே பார்க்கிறார்கள். ஏற்றம் நிரம்பினால், கடையை இணையத்தோடு இணைக்கும் பெட்டியான ரவுட்டரின் வாசலில் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். உங்கள் 200 பைட் குரல் அந்தப் புடவை வீடியோவுக்குப் பின்னால் காத்திருக்கும். மருந்து, க்யூஓஎஸ். குரல் பாக்கெட்டை முன்னால் விடு என்று ரவுட்டருக்குச் சொல்வது. நல்ல ஐபி ஃபோன்கள் தங்கள் பாக்கெட்டில் 46 என்ற முத்திரையைக் குத்தியே அனுப்புகின்றன. ரவுட்டர் அதை மதிக்க வேண்டும், அவ்வளவே. அதோடு ஏற்றத்தின் உச்சத்தை உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டிப்போட்டேன். மருமகள் வீடியோ ஏற்றுவதை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. வியாபாரமே அதில்தானே நடக்கிறது.

எத்தனை மில்லிநொடி வரை பரவாயில்லை?

ஒரு வழிக்கு 150க்குள் இருந்தால் பேசுபவர்களுக்குத் தெரியாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பிங் காட்டுவது போய்த் திரும்பும் நேரம், அதைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஜிட்டர் 30க்குள், பாக்கெட் லாஸ் நூற்றுக்கு ஒன்றுக்குள் இருந்தால் நான் வேறு இடத்தில் குறை தேடுவேன்.

எம்பி, எம்பிபிஎஸ்: என்ன வித்தியாசம்?

எம்பி என்பது மெகாபைட், எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட். "100 வாங்கினேன், 12தான் வருகிறது" என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

சென்னைக்குப் பேசும்போது பதில் கொஞ்சம் நின்று வருகிறதே, கடல் தூரம்தானே காரணம்?

கடல்மேல் பழி போட வேண்டாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பினாங்கிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 2,400 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 12 மில்லிநொடி. கேபிள் வளைந்து போகட்டும், நடுவில் பல கருவிகள் கை மாறட்டும், இரண்டு மூன்று மடங்கே ஆகட்டும், அப்போதும் காதுக்குத் தெரியாது.

இந்த வழி நமக்குப் புதிதும் இல்லை. மதராஸிலிருந்து பினாங்குக்கும், இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி 1871லேயே வேலைக்கு வந்துவிட்டது. இன்று வங்காள விரிகுடா கேட்வே என்ற ஒளியிழைக் கேபிள் பினாங்கிலும் சென்னையிலும் கரையேறுகிறது. பெரியவர்கள் வெளிநாட்டுக்குப் பேசும்போது "ஹலோ" என்று கத்திவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் செயற்கைக்கோள் காலத்தில் வந்தது. பூமிக்கு மேல் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க ஒரு வழிக்கே கால் நொடி ஆகும்.

ஆக, இப்போது வரும் இடைவெளி பெரும்பாலும் இரண்டு முனைகளிலும்தான் இருக்கிறது: உங்கள் வைஃபை, அவர்கள் கைப்பேசியின் சிக்னல், இரண்டு பக்கத்து ஜிட்டர் பஃபர். சில சமயம் பேச்சு சென்னைக்கு நேராகப் போகாமல் வேறெங்கோ இருக்கும் சர்வரை, அதாவது அழைப்பைக் கைமாற்றும் கணினியை, சுற்றிக்கொண்டு போகும். அப்போதுதான் தூரம் நிஜமாகவே கூடுகிறது.

எங்கள் கடை ரவுட்டரும் 192.168.1.1, பக்கத்துக் கடை ரவுட்டரும் 192.168.1.1. மோதிக்கொள்ளாதா?

மோதாது. இணையத்தில் ஒரு கருவியின் முகவரி எண்ணுக்கு ஐபி என்று பெயர். 192.168.1.1 என்பது அதில் உள்வீட்டு எண். அடுக்குமாடியில் "12ஆம் மாடி, 3ஆம் வீடு" என்றால் அந்தக் கட்டடத்துக்குள் புரியும். பினாங்கில் எத்தனை கட்டடத்தில் 12ஆம் மாடி 3ஆம் வீடு இருக்கிறது! வெளியே போகும் கடிதத்தில் கட்டடத்தின் தெரு முகவரிதான் செல்லும். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை எல்லாம் உள்வீட்டு எண்கள். வெளியுலகத்துக்கு உங்கள் கடை முழுவதற்கும் ஒரே பொது ஐபி. உள் எண்ணை வெளி எண்ணாக மாற்றி, யார் எதைக் கேட்டார் என்று நினைவு வைத்து, பதில் வரும்போது அவரவர் கையில் கொடுக்கும் காவலாளி வேலையை ரவுட்டர் செய்கிறது. அதற்கு நாட் என்று பெயர்.

ஐபி எண்கள் பழைய முறையில் மொத்தமே 430 கோடிதான். தீர்ந்துவிட்டன. அதனால் சில இணையக் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபியில் அடைத்துவிடுகிறார்கள். ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். வெளியிலிருந்து கடைக் கேமராவைப் பார்க்க முடியவில்லை என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது. அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி. வேகத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இணைய அழைப்பில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் கல்யாணத் தரகர் மாதிரி. அழைப்பைக் கொண்டுபோவது, மணி அடிக்கச் சொல்வது, எந்தக் கோடெக், எந்த முகவரி என்று பேசி முடிப்பது, கடைசியில் முடித்து வைப்பது. அவர் பெயர் சிப். வழக்கமாக 5060 என்ற போர்ட்டில் உட்கார்ந்திருப்பார். போர்ட் என்றால் ஒரே முகவரியில் எந்தக் கதவு என்று சொல்லும் எண். இன்னொருவர் ஆர்டிபி. குரலைச் சுமந்து ஓடுபவர் அவர்தான், வேறு கதவு வழியாக. தரகர் வேலையை முடித்ததும் மணி அடிக்கிறது, எடுக்கிறீர்கள், நேரம் ஓடுகிறது. ஆனால் குரல் வருவது தனிக் கதை.

சிக்கல் எங்கே? "எனக்குக் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று தரகர் தன் கடிதத்துக்குள்ளே எழுதுகிறார். உங்கள் ஃபோனுக்குத் தெரிந்தது உள்வீட்டு எண்தானே? 192.168.1.20 என்று எழுதிவிடுகிறது. உறைமேல் இருக்கும் முகவரியை நாட் மாற்றிவிடும், உள்ளே இருக்கும் கடிதத்தைப் பிரித்துப் படிக்காது. எதிர்ப்பக்கம் நம்பிக்கையாக 192.168.1.20க்குக் குரலை அனுப்பும். அது எங்கே வந்து சேரும்? உங்கள் குரல் மட்டும் பொது முகவரிக்குப் போவதால் நன்றாகப் போய்ச் சேருகிறது.

இதைச் சரிசெய்ய ரவுட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்று ஒன்றைப் போட்டு அனுப்புகிறார்கள். கடிதத்தைப் பிரித்து முகவரியைத் திருத்தும் உதவியாளர். பல ரவுட்டர்களில் அவர் அரைகுறையாகத் திருத்தி இருப்பதையும் கெடுக்கிறார். ஒரு பக்கக் குரல் என்று கேட்டதும் நான் முதலில் போய் அணைப்பது அதைத்தான். பாதிக்கு மேல் அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஃபோனில் ஸ்டன் என்பதை இயக்கலாம். "என் வெளி முகவரி என்ன?" என்று ஃபோனே வெளியே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி அது.

கூடவே ஒன்று. அழைப்பு ஒவ்வொரு முறையும் 32ஆம் நொடியில் அறுந்தால் அதுவும் இந்தக் குடும்பத்து நோய்தான். "எடுத்துவிட்டேன்" என்று சொன்னதற்கு எதிர்ப்பக்கத்தின் ஒப்புதல் திரும்பி வரவில்லை. சிப் 32 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிடுகிறது. அடுத்த முறை அழைப்பு அறுந்தால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். "அடிக்கடி கட்டாகிறது" என்பதைவிட "32 நொடியில்" என்பது எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

வெளியே அழைக்க முடிகிறது, உள்ளே அழைப்பு வரவில்லை?

ஃபோன் சர்வரிடம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அடிக்கடி கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் ரெஜிஸ்டர் ஆவது. கையெழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இடைவெளி அதிகமானால் நாட் காவலாளி "இவரை யாரும் தேடவில்லை" என்று கதவைச் சாத்திவிடுவார். இடைவெளியைக் குறையுங்கள்.

கடைச் சுவரில் மூன்று பெட்டி மின்னுகிறது. எது எது?

ஃபைபர் வந்து நுழையும் சின்னப் பெட்டி ஓஎன்யு, ஒளியை மின்சாரக் குறியாக்குவது. பழக்கத்தில் எல்லாரும் அதை மோடம் என்கிறார்கள், போகட்டும். அடுத்தது ரவுட்டர், நாட் காவலாளி. ஒரு வயரைப் பலவாகப் பிரிப்பது சுவிட்ச். உள்ளே இருப்பவர்களுக்கு ஐபி எண் பங்கிட்டுக் கொடுக்கும் வேலை டிஹெச்சிபி, அதையும் ரவுட்டரே செய்யும். பெயரைச் சொன்னால் ஐபி எண்ணைச் சொல்லும் முகவரிப் புத்தகம் டிஎன்எஸ். "வாட்ஸ்அப் வேலை செய்கிறது, வெப்சைட் மட்டும் திறக்கவில்லை" என்றால் நான் டிஎன்எஸ்ஸைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

சொந்தமாக ரவுட்டர் வாங்கி யூனிஃபை (டெலிகாம் மலேசியாவின் இணையச் சேவை) லைனில் மாட்டிவிட்டு இணையம் வரவில்லை என்பவர்களுக்கு: அதில் விலான் 500 போட வேண்டும். ஒரே வயருக்குள் தனித்தனிப் பாதை பிரிப்பது விலான். இணையம் 500இல் வருகிறது, டிவி 600இல் வருகிறது.

முன்கடையில் நன்றாக இருக்கிறது, பின்னால் ஸ்டோரில் போனால் குரல் வெட்டுகிறது.

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளைக் கட்டியவர்கள் வைஃபையை நினைத்துக் கட்டவில்லை. முன்பக்கம் சின்னது, உள்ளே போகப் போக நீளம், நடுவில் திறந்த முற்றம், தடித்த செங்கல் சுவர்கள். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் நகரம் சேர்ந்தபின் அந்தப் பகுதிக் கடைவீடுகளில் நினைத்தபடி சுவரைத் துளைக்கவும் முடியாது.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, சுவரைத் தாண்டத் திணறும். 2.4 சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் அங்கே நெரிசல். ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், தெருவில் இருபது கடை. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4இல்தான் இரைச்சல் போடுகிறது. சாப்பாட்டுக் கடைகளில் மதியம் குரல் வெட்டினால் அடுப்பையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி எப்போதும் வயர் கட்சி. மேசை ஃபோனை வைஃபையில் மாட்டாதீர்கள். ஒரே கேபிளில் இணையமும் மின்சாரமும் சேர்ந்து போகும் பிஓஇ முறை 2003லேயே வந்துவிட்டது. ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கிடைக்கும், ஃபோனுக்கு அது ஏராளம். கூரை ஓரமாக ஒரு கேபிளை இழுத்தால் ஃபோனுக்குப் பிளக் பாயிண்டும் தேட வேண்டாம்.

வங்கிக்குப் போட்டு 1ஐ அழுத்தினால் அது ஏற்க மாட்டேன் என்கிறது.

1ஐ அழுத்தும்போது கேட்கும் "பீப்" இரண்டு ஒலிகள் சேர்ந்தது: 697 ஹெர்ட்ஸ், 1209 ஹெர்ட்ஸ். இதற்கு டிடிஎம்எஃப் என்று பெயர். ஜி.729 மாதிரிக் கோடெக் மனிதக் குரலுக்காகச் செய்தது. பீப்பைச் சுருக்கி விரித்தால் அது நசுங்கிப்போகும், எதிர்ப்பக்கத்து இயந்திரத்துக்குப் புரியாது. ஃபோன் அமைப்பில் டிடிஎம்எஃப் என்ற இடத்தில் ஆர்எஃப்சி 2833ஐத் தேர்ந்தெடுங்கள். பீப்பை ஒலியாக அனுப்பாமல் "1 அழுத்தப்பட்டது" என்று தகவலாகவே அனுப்பும்.

பிபிஎக்ஸ் வாங்க வேண்டுமா?

இரண்டு பேர் பேசும் கடைக்கு வேண்டாம். பிபிஎக்ஸ் என்பது உள் எண்கள், "கணக்குப் பிரிவுக்கு 2", காத்திருப்புப் பாட்டு எல்லாவற்றையும் பார்க்கும் மூளை. முன்பு அலமாரி அளவுக்கு இருந்தது. 1999இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர், தன் சின்னக் கம்பெனிக்கு அதை வாங்கக் கட்டுப்படியாகாமல் தானே ஒன்றை எழுதினார். அதுதான் ஆஸ்டெரிஸ்க். இலவசம், உள்ளங்கை அளவு கணினியிலும் ஓடும். நான் போட்டுக் கொடுப்பதில் பாதி அதுதான்.

இரவில் யாரும் கடையில் இல்லை. அப்படியும் பில்லில் வெளிநாட்டு அழைப்புகள் இருக்கின்றனவே?

உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். 5060 போர்ட் திறந்திருக்கும் முகவரிகளைத் தேடி இணையத்தில் நிரல்கள் இரவும் பகலும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. நான் பார்த்த ஒரு கடையில் எண் 101, கடவுச்சொல்லும் 101. சனிக்கிழமை இரவு புகுந்து, திங்கள் காலைக்குள் கேள்விப்படாத நாடுகளுக்கெல்லாம் பேசியிருந்தார்கள். அழைப்பு போய்ச் சேரும் எண்ணுக்குக் கட்டணத்தில் பங்கு கிடைக்கும், அதுதான் திருட்டின் லாபம். நீளமான கடவுச்சொல், தேவையில்லாத நாடுகளுக்குத் தடை, முன்பணத்துக்கு ஓர் உச்சவரம்பு. மூன்றும் இலவசம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். சிப்பில் அழைப்பவர் எண் என்பது கடிதத்தில் "அனுப்புநர்" என்று எழுதும் இடம் மாதிரி. வழியில் யாரும் சரிபார்க்காவிட்டால் எதையும் எழுதலாம். வங்கி எண், போலீஸ் எண் எல்லாம் அப்படித்தான் வருகிறது. பணத்தை அனுப்பியே விட்டீர்கள் என்றால், தயங்காமல் தேசிய மோசடி உதவி மையத்தின் 997க்கு அழையுங்கள்.

கைப்பேசியில் வோல்டி என்று ஒன்று இருக்கிறதே, அதுவுமா?

அதுவும் குரலைப் பாக்கெட்டாக அனுப்புவதுதான், 4ஜி வழியாக. மலேசியாவில் 3ஜி 2021 முடிவோடு மூடப்பட்டது. வோல்டி இல்லாத அல்லது அணைத்து வைத்த ஃபோன், பேசும்போது 2ஜிக்கு இறங்கும். பேசிக்கொண்டே இணையம் பார்க்க முடியாது. அமைப்பில் போய் இயக்கிவிடுங்கள்.

ஃபேக்ஸ் போகுமா?

போகலாம், போகாமலும் இருக்கலாம். ஜி.711 போட்டு, டி.38 என்ற ஃபேக்ஸ் வசதியையும் இயக்கிப் பாருங்கள். முடிந்தால் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், நானும் நிம்மதியாக இருப்பேன்.

கரண்ட் போனால் 999க்கு அழைக்க முடியுமா?

பழைய செம்புக் கம்பி ஃபோனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட்டில் வந்துகொண்டிருந்தது. வீடு இருட்டானாலும் அது பேசும். அந்தப் பழக்கத்தில் பலர் இணைய ஃபோனையும் நம்பியிருக்கிறார்கள். ஓஎன்யு, ரவுட்டர், ஃபோன் மூன்றில் எது அணைந்தாலும் பேச முடியாது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் மூன்றையும் கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடவைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றில் மாட்டி, பக்கத்திலேயே சார்ஜ் போட்ட கைப்பேசியும் வையுங்கள். யூபிஎஸ் வாங்கியதோடு விட்டுவிடாமல், ஒரு சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபோனை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள். போன மாதம் பிறையில் ஒரு வீட்டில் அப்படிச் செய்தபோது ரவுட்டரின் விளக்கு எரிந்தது, ஃபோனின் விளக்கும் எரிந்தது, ஓஎன்யு மட்டும் அணைந்துபோனது. அதை யாரோ தொலைக்காட்சியின் பிளக்கில் மாட்டி வைத்திருந்தார்கள்.